சருகுக்குள் குடியிருந்தவர்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும் விடும் என்று என் கணவரிடம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "வர்றது தெரியுது, போறது மட்டும் இன்னும் என் கண்ணுல படலை" என்பார். ஒரு வியாழக்கிழமை காலை, நடுத்தெருவில், வீட்டுச் செருப்போடு, வயதில் மூத்த ஒரு மனிதரை நான் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. ஆனால் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் கடைசியில் மிஞ்சுவது வெட்கம் இல்லை, அப்பாடா என்கிற நிம்மதிதான். அத்தனை கூத்தும் என் கட்டைவிரலில் பாதி நீளம்கூட இல்லாத ஒரு தேரைக்காக என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாங்கள் இருப்பது சிட்னியில், நார்த்மீட் பக்கம். எங்கள் வரிசையில் நான்கு வீடுகள். பின்வேலியைத் தாண்டினால் மணற்கல் பாறைச் சரிவு, அதன்மேல் யூகலிப்டஸ் மரங்கள், கீழே ஒரு ஓடை. ஓடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் ஓடும், மூன்றாம் நாள் அங்கங்கே குட்டையாகத் தேங்கும், அப்புறம் வெறும் சருகுதான். இலையும் பட்டையும் மட்கி மட்கி, மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் கிடக்கும். வீடு வாங்கிய முதல் வருஷம் முழுக்க அதை நான் ஒரு குப்பைக் கிடங்காகத்தான் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. ஈரச் செருப்போடு வழுக்குத் தரையில் யாரோ ஒரே ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அடி. தவளை என்றே தோன்றவில்லை. கைபேசியில் பதிவு செய்து, தவளைச் சத்தங்களை அடையாளம் சொல்கிற ஒரு செயலியில் ஏற்றிவிட்டு மறந்துபோனேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ரெட் கிரவுன்ட் டோட்லெட்டாம், அதாவது செந்தலைக் குட்டித் தேரை. அழிந்துபோகும் அபாயத்தில் இருக்கும் இனமாம். உலகத்திலேயே சிட்னியைச் சுற்றியுள்ள மணற்கல் காடுகளில் மட்டும்தான் உண்டாம். எங்கே கேட்டீர்கள், எத்தனை கேட்டீர்கள் என்று இரண்டு கேள்வி. "துணிக்கொடிக்குப் பின்னால்" என்று எழுதினேன்.

அப்புறம் விடுவேனா. நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். நாள் பூராவும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முகம் தெரியாத மனிதர்களின் உடம்பில் என்ன கோளாறு என்று தேடுகிற வேலை. நான் கண்டுபிடித்தால் யாரோ ஒரு வீட்டில் அழுகை. அப்படிப்பட்டவளுக்கு, தேடிக் கண்டுபிடித்ததும் சந்தோஷப்படக்கூடிய ஒரு பொருள் வீட்டுக்குப் பின்னாலேயே கிடைத்தால் எப்படி இருக்கும்! வேலி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்தேன். ஆறாம் நாள் வந்தது. கரிய உடம்பு, தலையில் மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. படத்தைப் பார்த்த என் கணவர், "கோயிலுக்குப் போய்ட்டு நேரா வந்தவன் மாதிரி இருக்கான்" என்றார். அதற்குத் தாவத் தெரியாது. தவளைக் குலத்தில் பிறந்துவிட்டு, ஏதோ யோசனையில் இருக்கிற ஆள்போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் நகரசபைக் கடிதம் வந்தது. பெருமழையில் கொல்லைக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதனால் ஓடையில் கான்கிரீட் குழாய் பதித்து, மேலே மண் நிரப்பிச் சமப்படுத்தப் போகிறார்களாம். வரைபடம்கூட வைத்திருந்தார்கள். நீல நிறத்தில் நேர்க்கோடாக அந்தக் குழாய், என் தேரை நடந்துபோன இடத்தின் மேலேயே படுத்திருந்தது.

நான் தொலைபேசியில் போட்ட சத்தத்தில் மூன்றாவது ஆள் என்னைப் புதர்க்காடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் அதிகாரியிடம் இணைத்துவிட்டார். நல்ல மனுஷி. நிதானமாகக் கேட்டாள். வேறு தேசத்து ஈரக்காடுகளில் சாலமாண்டர் என்று ஒன்று இருக்கிறதே, பல்லி மாதிரி உருவமும் தவளை மாதிரி தோலுமாக, சருகுக்கடியில் பதுங்கி வாழ்வது, அது ஆஸ்திரேலியாவில் கிடையாது, இங்கே அந்த வாழ்க்கையை வாழ்வது இந்தத் தேரைதான் என்றாள். முட்டையைத் தண்ணீரில் இடாது. ஈரச் சருகுக்குள் இடும். குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ந்து மழைக்காகக் காத்திருக்கும். மழை வந்து அடித்துக்கொண்டு போய்க் குட்டையில் சேர்த்தால் பிழைக்கும். சருகு காய்ந்தால் அதோடு சரி.

"முட்டை ஏதாவது பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

பார்த்திருந்தேன். பாறைத் திட்டுக்குக் கீழே, ஒரு பட்டைத் துண்டு காற்றில் நகர்ந்திருந்த இடத்தில், வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி ஒரு கொத்து. தொடாமல் படம் எடுத்து அனுப்பினேன். அவள் குரலே மாறிவிட்டது. படம் மட்டும் போதாது, நேரில் வந்து பார்த்து, இங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று எழுதினால்தான் குழாயைத் திருப்ப முடியும், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன், அதுவரை ஒரு இலையைக்கூட யாரும் அசைக்க வேண்டாம் என்றாள். முட்டை இருந்தால் ஓடை பிழைக்கும். இல்லையென்றால் நீலக்கோடு. இவ்வளவுதான் விஷயம்.

யாரும் அசைக்க வேண்டாம் என்றதும் எனக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் ஞாபகம்தான் வந்தது. அவரும் அன்ரியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மகள் வீட்டுக்குக் கிட்டே இருக்க வேண்டும் என்று எட்டு மாதம் முன்னால்தான் இங்கே குடிவந்தார்கள். லிட்கம்மில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அங்கிள். சும்மா உட்காரத் தெரியாத பிறவி. ஒரு இலை விழுந்தால் அது தரையைத் தொடுவதற்குள் கூட்டுமாறோடு நிற்பார். அவர் வீட்டு மரத்து இலையெல்லாம் ஓடையில்தான் போய் விழும். அவர் அதைக் கவலையோடு பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

புதன்கிழமை வேலை முடிந்து ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்திலிருந்து அன்ரிக்குப் போன் போட்டேன். சுற்றிலும் வண்டிச் சத்தம்.

"அன்ரி, நாளைக்குக் காலையில அங்கிள்கிட்ட நான் பேசணும். அந்த ஓடையில கிடக்கற இலை விஷயமா."

"பேசவோ?" என்றார் அன்ரி.

"ஆமா. போன்ல சரியா வராது, நேர்ல வந்து நல்லாப் பேசணும். கவுன்சில்லேருந்து வேற ஆள் வர்றாங்க."

"நல்லாப் பேசப் போறீங்களோ?"

"ஆமா அன்ரி. நல்லாப் பேசிடணும், இல்லைன்னா பின்னாடி கஷ்டம்."

"சரி பிள்ளை. நான் அவருக்குச் சொல்லி வைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வழக்கமாக, சாப்பிட்டாயா, வீட்டுக்காரர் வந்துவிட்டாரா, நேற்றைய கறி எப்படி என்று பத்து நிமிஷம் விட மாட்டார். எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. எட்டரை மணிக்கு காபியோடு பின்கட்டுக்கு வந்து பார்த்தேன். காபியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஓடை பளபளவென்று இருந்தது. பாறை கழுவித் துடைத்த அம்மி மாதிரி மின்னியது. ஒரு சருகு இல்லை, ஒரு பட்டை இல்லை. பாறைத் திட்டுக்குக் கீழே முட்டை இருந்த இடத்தில் வெறும் ஈரமண், அதிலும் வரிவரியாகச் சருகு வாரும் வாருகோல் கீறிய தடம். அங்கிள் வீட்டு வேலியில் அந்த வாருகோல் சாத்தியிருந்தது.

அப்போது தெருவில் லாரிச் சத்தம். வியாழக்கிழமை எங்கள் தெருவில் பச்சை மூடித் தொட்டி எடுக்கிற நாள். தோட்டக் குப்பைத் தொட்டி!

வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாக ஓடினேன். வழியில் கணவர் எதையோ கேட்டார். "லாரி, லாரி" என்று கத்திக்கொண்டே போனேன். வாசலுக்கு வந்தபோது லாரியின் இரும்புக்கை அங்கிள் வீட்டுத் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தலைக்குமேலே தூக்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டி, "ஸ்டாப், ஸ்டாப்" என்று அலறினேன். ஓட்டுநர் நல்ல பையன், எனக்குத் திருப்பிக் கையசைத்தான். தொட்டி கவிழ்ந்தது. தடதடவென்று உள்ளே கொட்டியது. அரைக்கும் சத்தம் கேட்டது. லாரி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

சத்தம் கேட்டு அங்கிள் வெளியே வந்தார். இடுப்பில் சாரமும் மேலே சட்டையும், சட்டைப் பொத்தானெல்லாம் கழுத்துவரை போட்டு, யாரோ விசாரணைக்குக் கூப்பிட்ட மாதிரி நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"விடியவே எழும்பி எல்லாத்தையும் துப்புரவாக்கிப் போட்டன் பிள்ளை. இனி ஒருத்தரும் என்னைப் பேசத் தேவையில்லை."

அவ்வளவுதான், எனக்கு வந்தது பாருங்கள்.

"பேசாம எப்படி அங்கிள் இருக்கறது? உங்கள யாரு கூட்டச் சொன்னா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? அவ்வளவு என்ன சுத்தம் வேண்டிக்கிடக்கு? காட்டையெல்லாம் பெருக்குவாங்களா யாராவது? அத்தனை உயிரையும் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டீங்களே!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அன்ரி வேகமாக வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னன் தானே, பிள்ளை வந்து பேசுவா எண்டு" என்று அவரிடம் சொன்னார்.

"நான் எங்க அன்ரி பேசறேன்? திட்டிக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினேன்.

"அதைத்தானே பிள்ளை நாங்களும் சொல்லுறம்" என்றார் அன்ரி.

முந்தின நாள் போனில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. அங்கிளிடம் பேச வேண்டும். நேரில் வந்து நல்லாப் பேச வேண்டும். அவர்கள் சாதாரணமாகப் பேசுவதைக் 'கதைக்கிறது' என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் 'பேசுறது' என்றால் என்ன என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. அறுபத்தெட்டு வயது மனிதரை இலைக்காக நேரில் வந்து நன்றாகத் திட்டப்போகிறேன், நகரசபை ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவர் மனைவியிடமே முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறேன்! மனுஷர் ராத்திரி தூங்காமல் கிடந்து, விடிந்தும் விடியாததுமாக எழுந்து, திட்டு வாங்காமல் தப்பிக்க ஓடையைக் கூட்டியிருக்கிறார். நானும் சொன்ன சொல் தவறாமல் வந்து திட்டிவிட்டேன்.

"ஐயோ அன்ரி, நான் கதைக்கணும்னுதான் சொன்னேன்" என்றேன். "அந்தச் சருகுக்குள்ள முட்டை இருந்தது. தேரை முட்டை. அதைத் தொடாதீங்கன்னு சொல்லத்தான். இப்ப லாரியில போயிடுச்சு."

அங்கிள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"லொறியிலை என்ன போனது? தொட்டிக்கை நான் போட்டது வேலியிலை வெட்டின கொப்புகள். அந்தச் சருகை ஆரும் குப்பையிலை போடுவினமே? நல்லா உக்கின பசளை. வாழையடியிலை கொட்டி வைச்சிருக்கிறன்."

லாரியில் போனது வெறும் கிளைகள், சருகு உரமாக வாழையடியில் இருக்கிறது! அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்ரி ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் முன்னால் அவர் புருஷனை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், அவர்கள் ஊர்ப் பேச்சுதான், எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்கிறார்.

கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். வாழை மூட்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு குவியல். நல்லவேளையாகத் தண்ணீர் தெளித்திருந்தார். "கோழி எரு ஏதாவது போட்டீங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "பின்னேரம் போடுவம் எண்டு இருந்தனான்" என்றார். சாயங்காலம்வரை தாமதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கிளறாதே, வெயில் படாமல் பார்த்துக்கொள், உடனே வருகிறேன் என்றாள். வெயில் அதற்குள் வேலியைத் தாண்டிக் குவியலின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அன்ரி வீட்டுக்குள் ஓடி, பழைய படுக்கை விரிப்பு ஒன்றை நனைத்துக்கொண்டு வந்தார். குவியல்மேல் போட்டால் நசுங்கும் என்று, மூன்று பேரும் ஆளுக்கொரு முனையாக, நாலாவது முனையை வாழையில் கட்டி, தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முக்கால் மணி நேரம் அப்படி நின்றிருப்போம். "மன்னிச்சிடுங்க அங்கிள்" என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது தடவை, "விடுங்கோ பிள்ளை, கை உளையுது, அதைப் பாப்பம்" என்றார். கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டார்:

"வாறவ ஆர்? எழுதுவாவோ?"

"எழுதுவாங்க அங்கிள்."

"பேரும் எழுதுவாவோ?"

தெரியவில்லை என்றேன். வீட்டுக்குக் கணக்கெடுக்கவோ மின்மீட்டர் பார்க்கவோ கையில் தாளோடு யார் வந்தாலும் அங்கிள் பின்பக்கம் போய்விடுவார், அன்ரிதான் கதைப்பார். அவர் படகில் வந்து, முகாமில் இருந்து, விசாவுக்காக எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்றவர் என்று அன்ரி ஒரு தடவை சொல்லியிருந்தார். ஒரு வரிதான் சொன்னார், நானும் மேலே கேட்கவில்லை.

அதிகாரி வந்தாள். வாசலிலேயே நின்று, காலணி அடியில் மருந்து தெளித்துத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சை காலணி வழியாகப் பரவுமாம். கையுறை மாட்டி, மண்டியிட்டு, ஒவ்வொரு இலையாக எடுத்து ஈரத் தட்டில் வைத்தாள். நாங்கள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றோம். பத்து நிமிஷம், ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம், மண்புழு, பூரான், ஒரு பிளாஸ்டிக் மூடி. அவள் நெற்றியில் சுருக்கம் விழுந்தது. லேபில் என் முகமும் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவ பிழையான பக்கத்தாலை பாக்கிறா. நான் மூண்டு தள்ளுவண்டில் கொண்டு வந்தனான். கல்லுக்குக் கீழை கிடந்தது ரெண்டாவது வண்டில். அதை அங்காலை, வாழை மூட்டோடை கவிட்டனான். மேலை கிடந்தது இப்ப அடியிலை இருக்கும்."

மொழிபெயர்த்தேன். அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்து, காட்டுங்கள் என்றாள். அங்கிள் தன் முனையை அன்ரியிடம் கொடுத்துவிட்டுப் போய், தொடாமல், விரலை மட்டும் நீட்டி இடத்தைக் காட்டினார். நாலாவது கைப்பிடியில் அவள் கை நின்றது. ஒரு வளைந்த பட்டை. அதன் உட்குழிவில், கலையாமல், ஜவ்வரிசிக் கொத்து. இருபது, இருபத்தைந்து முட்டை இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரும்புள்ளி. அவள் கைவிளக்கைக் காட்டினாள். புள்ளிகள் துடித்தன. உயிரோடு துடித்தன! நான் கையிலிருந்த விரிப்பை விட்டுவிட்டேன், அது அன்ரி தலையில் விழுந்தது.

அதிகாரி எழுந்து, குறிப்பேட்டை எடுத்து, வழக்கமான குரலில் கேட்டாள்: "இதை இடம் மாற்றியது யார்?"

இந்த இனத்தையும் அதன் இருப்பிடத்தையும் தொடக் கூடாது என்பது சட்டம். எல்லாம் என் வாயால் வந்த வினை, நான்தான் பொறுப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அங்கிள் ஒரு அடி முன்னால் வந்தார். கையிரண்டும் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது.

"ஐ டிட் இட்" என்றார். "மை நேம்..." என்று தொடங்கி, கேட்காமலேயே தன் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அவர் சொன்னதை எழுதவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டு, "அப்படியானால் நீங்கள்தான் எனக்கு வேண்டும். எந்தச் சருகு எங்கே கிடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். திரும்ப அப்படியே வைக்க உதவுவீர்களா?" என்று கேட்டாள்.

நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கே விளங்கிவிட்டது. "ஓம், ஓம், யெஸ்" என்றார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

காலணிக்கு மருந்தடித்து, கையுறை போட்டு, அந்த இரண்டு பேரும் பகல் ஒரு மணிவரை ஓடையில் வேலை பார்த்தார்கள். அடியில் கறுத்த சேற்றுச் சருகு, அதற்குமேல் பழுப்பு, அதற்குமேல் நீளப் பட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்தது. கூட்டும்போது வரிசை தவறாமல் கூட்டியவர், வைக்கும்போதும் வரிசை தவறவில்லை. முட்டைப் பட்டையை மட்டும் அவள் வைத்தாள். வைத்து முடித்துச் சும்மா நின்றபோது, பாறை வெடிப்புக்குள்ளிருந்து ஈரச்செருப்புச் சத்தம் ஒன்று கேட்டது. தகப்பன் தேரை அங்கேயே பதுங்கியிருந்திருக்கிறது. அவள் அப்போதுதான் சிரித்தாள். இங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று எங்கள் கண்முன்னால் எழுதினாள். குழாய் இந்தப் பக்கம் வராது, தெருவோரமாகத் திருப்பச் சொல்வேன், கடிதம் பிறகு வரும் என்றாள். கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. நீலக்கோடு தெருப்பக்கம் நகர்ந்திருந்தது.

ஆனால் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஓடை பிழைத்துவிட்டது, இந்தக் கொத்தைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. புரட்டிப் போட்டதில் அடிபட்டிருக்கலாம். சீக்கிரம் மழை வர வேண்டும். குழாய்த் தண்ணீரெல்லாம் ஊற்றிவிடாதீர்கள்.

மழை வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. தினமும் காலையில் அங்கிள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்ப்பார். வாருகோலை கராஜுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது, "எப்படி அங்கிள்?" என்பேன். "ஈரம் கிடக்குது" என்பார். ஒரு நாள், "ஈரம் குறையுது" என்றார். அன்றைக்கு லேபில் ஜன்னலைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தேன்.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் வானம் கறுத்து, அடித்துப் பெய்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அங்கிளின் குரல்: "பிள்ளை, கெதியா வாங்கோ!" குடையைத் தேடப் பொறுமையில்லாமல் அப்படியே ஓடினேன். ஓடையில் தண்ணீர் சலசலவென்று சருகுக்கடியில் புகுந்து வந்துகொண்டிருந்தது. பாறைக்குக் கீழே உள்ளங்கை மாதிரி ஒரு குட்டை நிறைந்திருந்தது. அங்கிள் வேலியோரத்து ஈரப்புல்லில், சாரம் நனைய, முழங்காலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீர் தெளிந்தபோது தெரிந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கரும்புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். ஒன்று, மூன்று, ஏழு, அப்புறம் எண்ண முடியவில்லை. குட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, கரைக்கு வந்து சேர்ந்திருந்தன.

அங்கிள் மழையில் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்பிட்டினம் பிள்ளை" என்றார்.

"ஆமா அங்கிள்" என்றேன். "தப்பிச்சுட்டாங்க."